வீட்டுத் தோட்டத்து நத்தையை இனங்காண்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஐப்பசி மழை பிடித்து நாலைந்து நாள் ஆனதும் தோட்டக் குழுக்களில் படங்கள் வரத் தொடங்கும். ஈர மண்ணில் ஒரு நத்தை, கீழே ஒரே கேள்வி: "இது அந்த ஆப்பிரிக்க நத்தைதானே? கொன்றுவிடலாமா?" பதில் சொல்பவர்களும் ஓட்டில் பழுப்பு நிறம் தெரிந்தால் போதும், "அதேதான், உப்பைப் போடுங்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி வரும் படங்களில் பாதிக்கு மேல் அது, வெளியிலிருந்து வந்து கட்டறுந்து பெருகும் அந்த ஆப்பிரிக்க நத்தையே இல்லை.

நானும் அந்தத் தவற்றைச் செய்தவன்தான். கொல்லையில் காய்கறி போட்ட முதல் வருடம், கண்ணில் பட்ட நத்தையை எல்லாம் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போட்டேன். இருபது முப்பது இருக்கும். மறுநாள் வாளியைக் கவிழ்த்தபோதுதான் நிதானமாகப் பார்த்தேன். எல்லாமே தட்டையான, வெளுத்த ஓடு. சிலவற்றின் விளிம்போரம் மெல்லிய பழுப்புக் கோடு. தலைமுறை தலைமுறையாக நம் மண்ணிலேயே இருக்கும் நத்தை. ஆப்பிரிக்க நத்தை ஒன்றுகூட அதில் இல்லை.

அன்று நான் பார்த்தது நிறத்தையும் அளவையும். இரண்டுமே ஏமாற்றும். நிறம் வெயிலில் போய்விடும். அளவு வயதுக்கு வயது மாறும். ஓட்டின் வாய், அதாவது நத்தை வெளியே வரும் திறப்பு, அப்படி ஏமாற்றாது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த வாயைச் சுற்றித்தான் போகும்.

படி 1: எப்போது, எங்கே தேடுவது

மழை விட்ட முன்னிரவு, அல்லது விடிவதற்குச் சற்று முன். வெயில் ஏறிவிட்டால் நத்தை ஒளிந்துவிடும். பகலில் தேடுவதென்றால் தொட்டிகளின் அடி, அடுக்கி வைத்த செங்கல், வாழை மட்டையின் இடுக்கு, காய்ந்த இலைக் குப்பை, மதில் சுவரின் நிழல் பக்கம். முருங்கை, எலுமிச்சை போன்ற மரங்களின் தண்டையும் ஒரு சுற்று பாருங்கள். மரத்திலேயே வாழும் இனங்கள் தரையில் கிடைக்காது.

இன்னொரு வழி உண்டு. சாயங்காலம் ஒரு சாக்கை நன்றாக நனைத்து, கீழே கொஞ்சம் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ வைத்து, நிழலில் விரித்துவிடுங்கள். காலையில் சாக்கைத் தூக்கினால் தோட்டத்தில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

தேவையான சாமான்கள் அதிகமில்லை: ஒரு ஸ்கேல், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு வெள்ளைத் தாள், கைபேசி. அப்புறம் கையுறை. இதில் சமரசம் வேண்டாம். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு வகைப் புழுவின் இளம்பருவம் நத்தைக்குள் வளர்கிறது. அது மனிதர் உடலுக்குள் போனால் மூளையுறை அழற்சி வரலாம். ஆப்பிரிக்க நத்தை மட்டுமல்ல, மற்ற நத்தைகளும் ஓடில்லா நத்தைகளும் அதைச் சுமக்கக்கூடும். கையுறை இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு எடுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சின்னப் பிள்ளைகள் நத்தையைக் கையில் வைத்து விளையாடிவிட்டு வாயில் விரல் வைப்பதைத் தடுத்துவிட்டால் பெரிய ஆபத்து நீங்கியது. அதே தோட்டத்துக் கீரையையும் நன்றாக அலசி, வேகவைத்தே சாப்பிடுங்கள்.

படி 2: இது நில நத்தைதானா?

வயல் ஓரத்தில் வீடு என்றால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். வாய்க்காலிலும் வயலிலும் இருக்கும் நத்தை, சில ஊர்களில் ஊமச்சி என்று சொல்லிக் குழம்பு வைப்பது, மழை நாளில் கரையேறி வரும். அதன் ஓடு உருண்டை, பச்சை கலந்த பழுப்பு. தொட்டதும் உள்ளே இழுத்துக்கொண்டு வாசலை ஒரு கெட்டியான மூடியால் அடைத்துக்கொள்ளும். நம் தோட்டங்களில் காணும் நில நத்தைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த மூடி கிடையாது.

கோடையில் ஒரு குழப்பம் வரும். நில நத்தை வெயில் காலத்தில் தூங்கப் போகும்போது, தன் சளியையும் சுண்ணாம்பையும் கொண்டு வாயில் ஒரு திரை போட்டுக்கொள்ளும். காய்ந்தபின் அது காகிதம் போலவோ மெல்லிய சிப்பி போலவோ இருக்கும். பார்த்தால் மூடி மாதிரிதான் தெரியும். வித்தியாசம் எளிது: திரை ஓட்டின் விளிம்போடு ஒட்டியிருக்கும், நத்தை விழித்ததும் உடைந்து விழும். மூடி நத்தையின் பாதத்தோடு ஒட்டியது. அது ஊர்ந்து போகும்போது வால்பக்கம் முதுகில் சுமந்துகொண்டு போவதைப் பார்க்கலாம்.

மூடியுள்ள நில நத்தைகளும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் இலைக்குப்பையில் சைக்ளோபோரஸ், டெரோசைக்ளோஸ் போன்றவை இருக்கின்றன. அவற்றின் வாய் காம்பஸ் வைத்து வரைந்தது போல வட்டமாக இருக்கும். கொம்புகள் இரண்டே இரண்டு, கண்கள் அந்தக் கொம்பின் அடியில். ஆண் தனி, பெண் தனி. தோட்டத்து நத்தைக்கோ நான்கு கொம்பு. கண் மேல் கொம்புகளின் நுனியில். ஒரே உடலில் ஆணும் பெண்ணும். ஆக, கொம்பை எண்ணினாலே பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

படி 3: ஓட்டைப் பிடிக்கும் முறை

எல்லாரும் தவறவிடும் படி இதுதான். நத்தையைத் தரையில் கிடக்கிற மாதிரி மேலிருந்து படமெடுத்தால் ஓட்டின் முதுகுதான் தெரியும். நமக்கு வேண்டியது வாய்.

காலி ஓடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கூரான உச்சி மேலே, வாய் உங்களைப் பார்த்தபடி பிடியுங்கள். உச்சியிலிருந்து அடிவரை உள்ளது உயரம். குறுக்கே அதிகபட்சமாக உள்ளது அகலம். இரண்டையும் ஸ்கேலில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். உயரம் அதிகமா, அகலம் அதிகமா என்ற ஒரே கேள்வி நம் தோட்டத்து நத்தைகளை இரண்டு பெரிய கூட்டமாகப் பிரித்துவிடும்.

பிறகு வாய் எந்தப் பக்கம் என்று பாருங்கள். அநேகமாக வலப்பக்கம்தான் இருக்கும். இங்கே ஒரு வார்த்தைச் சிக்கல் இருக்கிறது, நானே மாட்டிக்கொண்டு விழித்திருக்கிறேன். நம் வழக்கில் அபூர்வமான சங்கை வலம்புரி என்கிறோம், சாதாரணச் சங்கை இடம்புரி என்கிறோம். உயிரியல் நூல்களில் இது நேர் தலைகீழ். காரணம் பிடிக்கும் முறைதான். சங்கின் உச்சிக்கு எதிரே உள்ள குறுகிய முனை மேலே இருக்கும்படி பிடித்தால் வலம்புரியின் வாய் வலப்பக்கம் வரும். நூல்களில் உச்சியை மேலே வைத்துப் பார்ப்பதால் அதே சங்கின் வாய் இடப்பக்கம் வந்துவிடும். அதனால் நத்தை விஷயத்தில் நான் வலம்புரி, இடம்புரி என்றே எழுதுவதில்லை. வலவாய், இடவாய் என்றால் தகராறு இல்லை.

இடவாய் நத்தை கிடைத்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். கொங்கண் பக்கம் காணப்படும் ஆரியோபான்ட்டா லேவிபெஸ் போன்ற சில இனங்களில் இடவாய்தான் இயல்பு. மற்ற இனங்களில் வந்தால் அது ஆயிரத்தில் ஒன்று மாதிரியான பிறவி.

அடுத்து சுற்றுகளை எண்ணுங்கள். உச்சியை நேராகக் கண்ணுக்கு எதிரே வைத்து, நடுப்புள்ளியிலிருந்து வாய்வரை சுருள் எத்தனை முறை சுற்றுகிறது என்று பாருங்கள். சுற்று குறைவாக இருந்தால் அது குட்டியாக இருக்கலாம். ஓடு உச்சியிலிருந்துதான் வளர்கிறது. உச்சியில் இருப்பது முட்டைக்குள்ளேயே உருவான பிள்ளைப்பருவ ஓடு, வாயோரம் இருப்பது நேற்று முந்தாநாள் சேர்ந்தது. குறுக்கே ஓடும் கோடுகள் வளர்ச்சியின் தடம். நடுவில் திடீரென்று ஒரு கனத்த கோடு தெரிந்தால், அங்கே வளர்ச்சி கொஞ்ச காலம் நின்று மறுபடி தொடர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் ஒரு கோடைத் தூக்கம்.

கடைசியாக ஓட்டைக் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள். சுருளின் நடுவில் ஒரு சிறு குழி இருக்கிறதா? அதைத் தொப்புள் என்று வைத்துக்கொள்வோம். சில இனங்களில் ஊசி நுழையும் அளவு, சிலவற்றில் நெல் நுழையும் அளவு, சிலவற்றில் அடைபட்டே இருக்கும். வாயின் உதடு கத்தி விளிம்பு போல மெல்லியதா, வெளியே மடிந்து தடித்ததா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: வடிவத்தை வைத்து இனம் பிரிப்பது

*உயரமான பெரிய கூம்பு: ஆப்பிரிக்க ராட்சத நத்தை*

பெயர் லிஸாகாட்டினா ஃபூலிகா. பழைய நூல்களில் அகாட்டினா ஃபூலிகா. ஊர் கிழக்கு ஆப்பிரிக்கா. இந்தியாவுக்குத் தானாக வரவில்லை: 1847-ல் வில்லியம் பென்சன் என்ற ஆங்கிலேயர், அவரே ஒரு நத்தை ஆய்வாளர், மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அவர் ஊரைவிட்டுக் கிளம்பும்போது ஒரு நண்பரிடம் கொடுக்க, அங்கிருந்து தோட்டத்துக்குள் போனது. இலங்கைக்கு 1900-ல் வந்து சேர்ந்தது. நத்தைகளைப் படித்தவர் கையாலேயே இந்தத் தொல்லை தொடங்கியது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புத்தான்.

வளர்ந்த ஓடு வழக்கமாக 5 முதல் 10 செ.மீ. உயரம், அபூர்வமாக 20 செ.மீ. வரை போகும். உயரம் அகலத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. சுற்று 7 முதல் 9. வெளிர்பழுப்பில் கரும்பழுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழாக ஒழுங்கில்லாமல் வழிந்தது போல இருக்கும்.

சரி, பட்டையை மறந்துவிட்டு வாயைப் பாருங்கள். உட்புறம் நீலம் கலந்த வெள்ளை. வெளி உதடு மெல்லியது, கூர்மையானது, மடிந்திருக்காது. உள் உதட்டோரம் மேலிருந்து இறங்கி வருகிற நடுத்தூண் (ஓடு சுற்றிச் சுருளும் அச்சு), வாயின் அடியைத் தொடுவதற்கு முன்னால் சட்டென்று வெட்டினாற்போல் நின்றுவிடும். அந்த வெட்டு இந்தக் குடும்பத்தின் முத்திரை. ஓட்டின் அடியில் தொப்புள் இருக்காது.

குட்டிகள்தான் எல்லாரையும் ஏமாற்றும். பிறந்தவுடன் ஓடு அரை செ.மீ. அளவுதான், கொஞ்சம் உருண்டையாகத் தெரிவதால் நாட்டு நத்தை என்று விட்டுவிடுவார்கள். ஸ்கேலை வையுங்கள். அந்த வயதிலும் உயரம் அகலத்தை விட அதிகமாகவே இருக்கும், நடுத்தூண் வெட்டும் பூதக்கண்ணாடியில் தெரியும்.

இன்னொரு அடையாளம் ஓட்டில் இல்லை, சுவரில் இருக்கிறது. ஓடு கட்ட இதற்குச் சுண்ணாம்பு ஏராளமாக வேண்டும். வெள்ளையடித்த மதிலில் இரவோடு இரவாகச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றுவிட்டுப் போகும். காலையில் சுவரில் சின்னச் சின்ன வளைவாகச் சுரண்டிய தடமும், கயிறு போல எச்சமும் இருந்தால் தேடத் தொடங்கலாம்.

*அகலமான தட்டை ஓடு: நம் ஊர் நத்தை*

நான் வாளியில் போட்டது இதைத்தான். கிரிப்டோசோனா பைஸ்ட்ரியாலிஸ். தமிழ்நாட்டுச் சமவெளியிலும் இலங்கையின் வறண்ட பகுதியிலும் சர்வ சாதாரணம். ஓடு அகலத்தில் மூன்று செ.மீ. சுற்றி வரும், உயரம் அதைவிடக் குறைவு. மேலே அமுக்கிவிட்ட பணியாரம் மாதிரி ஒரு வடிவம். நிறம் வெளிர்மஞ்சளிலிருந்து தந்த நிறம்வரை. விளிம்பையொட்டி மெல்லிய செம்பழுப்புக் கோடு ஓடலாம், சிலவற்றில் மங்கியே போயிருக்கும்.

விரல் நகத்தால் ஓட்டின் மேல்பக்கத்தை மெதுவாக வருடிப் பாருங்கள். சொரசொரப்பாக இருக்கும். பூதக்கண்ணாடியில் நெசவுத் துணி போல ஊடும் பாவுமாக நுண்வரிகள் தெரியும். அப்படியே கவிழ்த்து அடிப்பக்கத்தை வருடினால் வழவழப்பு. ஒரே ஓட்டில் மேல் சொரசொரப்பு, கீழ் வழவழப்பு என்றால் ஏறக்குறைய முடிவு செய்துவிடலாம். தொப்புள் சிறியது. உதடு மெல்லியது. உயிரோடு இருந்தால் வாலின் நுனியைப் பாருங்கள்: ஒரு சிறு குழியும், அதற்குமேல் கொம்பு போல ஒரு முனையும் இருக்கும். ஆப்பிரிக்க நத்தையின் வால் வெறுமனே கூர்ந்து முடியும்.

இது செடியைத் தின்னாதா என்றால், தின்னும். நாற்றையும் தளிரையும் கடிக்கும். ரப்பர் தோட்டங்களில் இளங்கொழுந்தைக் கடிப்பதோடு, வெட்டிவிட்ட மரத்திலிருந்து வழியும் பாலையும் நக்கும். அதனால் இதைச் சாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் இதன் எண்ணிக்கை ஆப்பிரிக்க நத்தை போலக் கட்டறுந்து பெருகுவதில்லை. நான்கை எடுத்து வேலியோரக் குப்பையில் விட்டாலே என் தோட்டத்துக்குப் போதுமானதாக இருக்கிறது.

*பளபளக்கும் தட்டை ஓடு*

மேக்ரோக்ளாமிஸ் இண்டிகா. மேலே சொன்னதைவிடச் சிறியது, அகலம் ஒன்றரை செ.மீ. அளவு. ஓடு மிக மெல்லியது, தேன் நிறக் கண்ணாடி போல ஒளி ஊடுருவும். உள்ளே உடலின் கரும்புள்ளிகள் தெரியும். எப்போதும் இப்போதுதான் எண்ணெய் தடவியது மாதிரி மினுங்கும். காரணம் இருக்கிறது. ஓட்டின் வாயிலிருந்து இரண்டு மெல்லிய சதை மடல்கள் வெளியே நீண்டு ஓட்டின்மேல் படர்ந்து துடைத்துக்கொண்டே இருக்கும். கண்ணாடித் துண்டில் ஊரவிட்டு அசையாமல் பார்த்தால் அந்த மடல்கள் போய்வருவது தெரியும். செத்துப்போன ஓட்டில் இந்த மினுக்கு சில வாரங்களிலேயே போய்விடும்.

*ஊசி போன்ற குட்டி ஓடு*

பூந்தொட்டி மண்ணைக் கொட்டும்போது அரிசி நீளத்துக்குக் கூரான வெளிர் ஓடுகள் உதிரும். பலர் இதைப் புழுவின் கூடு என்று நினைக்கிறார்கள். நத்தைதான். அல்லோபியாஸ் கிராசைல் என்றால் ஒரு செ.மீ. அளவு, சுபுலினா ஆக்டோனா என்றால் ஒன்றரை செ.மீ. வரை. இரண்டும் தொட்டிச் செடிகளோடு உலகம் சுற்றி வந்தவை. சுபுலினாவின் கண்ணாடி ஓட்டுக்குள் முட்டைகள் வரிசையாக, மஞ்சள் மணி கோத்தது போலத் தெரிந்தால் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மட்கும் குப்பையை மேய்பவை. செடிக்குப் பெரிய சேதம் இல்லை.

இந்த அளவிலேயே இன்னொன்று கிடைக்கும், அதை மட்டும் கொன்றுவிடாதீர்கள். ஓடு கூராக முடியாமல் உருளையாக இருக்கும், நீளம் ஆறேழு மி.மீ., உடல் நல்ல ஆரஞ்சு நிறம். பூதக்கண்ணாடியில் வாயைப் பார்த்தால் உள்ளே பற்கள் போல வெள்ளை முடிச்சுகள் நீட்டிக்கொண்டிருக்கும். அது குலெல்லா பைகலர், நத்தையைத் தின்னும் நத்தை. மேலே சொன்ன ஊசி நத்தைகளின் ஓட்டுக்குள்ளேயே நுழைந்து சாப்பிடும். இங்கேயும் வாயைப் பார்க்காமல் அடையாளம் சொல்ல வழியே இல்லை.

*மரத்தண்டில் ஒட்டிய கூம்பு*

வறண்ட ஊர்களில் வேப்பமரம், முருங்கை, மின்கம்பம் என்று எதிலாவது, ஒன்றரை செ.மீ. அளவில் வெள்ளைக் கூம்பு ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே கரும்புள்ளிகள் வரிசையாக. இது ரேக்கிஸ் பங்க்டாட்டஸ். வெயில் காலம் முழுக்க வாயைத் தண்டோடு ஒட்டவைத்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். பிய்த்து எடுக்க வேண்டாம். ஒட்டுத் திரை உடைந்தால் உள்ளிருக்கும் ஈரம் போய்விடும். இருக்கிற இடத்திலேயே படமெடுத்துக்கொள்ளுங்கள்.

*ஓடே இல்லாதவை*

மழைநாள் இரவில் குளியலறை ஓரத்தில் கருப்பாக, தட்டையாக ஒன்று கிடந்தால் வீட்டில் அட்டை என்று கூச்சல் எழும். அட்டை இல்லை. அட்டை கடிக்கும், உடலை வளைத்து எட்டி நகரும். இது வழுக்கிக்கொண்டே போகும். முதுகின் நடுவே தலையிலிருந்து வால்வரை வெளிர்கோடு ஒன்று இருந்தால் அது லேவிகாலிஸ் ஆல்ட்டி. இதுவும் ஆப்பிரிக்கச் சரக்கு. நீண்டால் ஏழெட்டு செ.மீ. இருக்கும். தோல் ஈரமாக வழவழவென்று இல்லாமல் மேலே தோல் செருப்பு மாதிரி சொரசொரவென்று இருக்கும். கொம்புகள் குட்டை, தொட்டதும் உடனே முதுகுப் போர்வைக்கு அடியில் போய்விடும்.

குமரி மாவட்ட ரப்பர் தோட்டம், கேரள எல்லை என்றால் இடைப்பட்ட ஒன்றும் உண்டு: மரியெல்லா டுஸ்ஸுமியெரி. ஓடு முதுகுச் சதைக்குள் சிறு தகடாகப் புதைந்து, மேலே ஒரு பிளவு மட்டும் தெரியும். ரப்பர் பாலுக்கு இதுவும் பங்காளி.

*மலைக்குப் போனால்*

தோட்டத்தை விட்டு மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காட்டுக்குப் போனால் இண்ட்ரெல்லா ஆம்புல்லாவைப் பார்க்கலாம். உலகில் வேறெங்கும் இல்லை. ஓடு எளிமையான பழுப்பு, ஆனால் உடல் மஞ்சள், ஆரஞ்சு, ரத்தச் சிவப்பு என்று ஆளுக்கொரு நிறம். ஒரே இனம்தான், நிறத்தை வைத்து மூன்று இனம் என்று சொல்லிவிடாதீர்கள். இலங்கையின் ஈரக் காடுகளில் மரத்தில் வாழும் அகாவஸ் என்ற பெரிய நத்தைகளும் அந்தத் தீவுக்கே உரியவை. அவற்றின் உதடு தடித்து வெளியே மடிந்திருக்கும், நம் தோட்டத்து மெல்லுதடுகளோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். காப்புக்காட்டில் காலி ஓட்டைக்கூட எடுத்து வர வேண்டாம், படம் போதும்.

படி 5: உயிருள்ள நத்தையைக் கண்ணாடியில் பார்ப்பது

பழைய சன்னல் கண்ணாடித் துண்டு ஒன்று போதும். நத்தையை அதில் விட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டு, இரண்டு நிமிடம் காத்திருங்கள். முதலில் கீழ்க்கொம்புகள் வரும், தரையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். மேல்கொம்புகள் மெல்ல நீண்டு, நுனியில் கரும்புள்ளியாகக் கண்கள் தெரியும். அந்தக் கண்ணால் ஒளியையும் நிழலையும் தாண்டி அதிகம் தெரியாது. நத்தை தன் உலகத்தை அறிவது பெரும்பாலும் மோப்பத்தால். நம் பழைய இலக்கண மரபு நந்தை, அதாவது நத்தையை, தொடுதலும் சுவையும் மட்டுமே உள்ள ஈரறிவு உயிர் என்று வைத்தது. பப்பாளி இலை வைத்த சாக்கைத் தேடி இருட்டில் வந்து சேர்கிறதைப் பார்த்தபின் மூக்கையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும்.

கண்ணாடியை மேலே தூக்கி அடியிலிருந்து பாருங்கள். பாதத்தில் கருமையும் வெளுப்புமாக அலைகள் வாலிலிருந்து தலைப்பக்கம் ஓடும். அந்த அலைதான் நடை. ஓட்டின் வாயோரம் வலப்பக்கத்தில் ஒரு துளை திறந்து மூடும். அது மூச்சுத்துளை. இடவாய் நத்தைக்கு இதுவும் இடப்பக்கம் இருக்கும்.

படி 6: எங்கே தவறு நேரும்

வெள்ளை ஓடு என்றால் வெள்ளை நத்தை என்று நினைப்பது முதல் தவறு. ஓட்டின் நிறத்தில் பெரும்பங்கு மேல்தோலில் இருக்கிறது. நத்தை செத்தபின் வெயிலில் அந்தத் தோல் உரிந்து, அடியிலிருக்கும் சுண்ணாம்பு மட்டும் மிஞ்சும். ஆப்பிரிக்க நத்தையின் ஓடும் ஒரு கோடை தாண்டினால் வெள்ளைதான்.

குட்டியைத் தனி இனமாக எண்ணுவது இரண்டாவது. ஒரே இடத்தில் மூன்று அளவில் கிடைத்தால், மூன்றையும் வரிசையாக வைத்து உச்சிகளை ஒப்பிடுங்கள். பெரியதன் உச்சி சிறியதன் முழு ஓட்டைப் போலவே இருந்தால் அது ஒரே இனம்.

மூன்றாவது இணையப் படங்கள். தோட்டத்து நத்தை என்று தேடினால் மேலே வருவது பெரும்பாலும் ஐரோப்பாவின் கோர்னு ஆஸ்பெர்சும், அல்லது மஞ்சளில் கருங்கோடு போட்ட சீப்பியா. அழகான படங்கள்தான், ஆனால் நம் சமவெளித் தோட்டத்தில் அவை கிடையாது. இந்தியாவில் மட்டும் நில நத்தை இனங்கள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கும்போது, அந்த இரண்டில் ஒன்றோடு பொருத்திப் பார்த்து என்ன பயன்?

படி 7: படம், பதிவு, அதற்குப் பிறகு

நாலு படம் எடுங்கள்: வாய் எதிரே, உச்சி மேலிருந்து, அடிப்பக்கம் தொப்புளோடு, ஊரும் உடல் பக்கவாட்டில். ஒவ்வொன்றிலும் ஸ்கேல் தெரிய வேண்டும். உயிரினப் படங்களைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையத் தளத்தில் இடம், தேதியோடு ஏற்றினால் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள். முதுகு மட்டும் தெரியும் ஒற்றைப் படத்துக்கு யாராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது.

ஆப்பிரிக்க நத்தைதான் என்று உறுதியானால், மதிலுக்கு வெளியே எறிவதோ சாக்கடையில் போடுவதோ கூடாது. பக்கத்து வீட்டுக்கு அனுப்பியதாகிவிடும். கையுறையோடு பொறுக்கி, அடர்ந்த உப்புக் கரைசல் வாளியில் போட்டு மூடி, பிறகு ஆழமாகப் புதைத்துவிடுங்கள். உப்பைச் செடியடியில் கொட்டாதீர்கள், நத்தை சாவதற்குள் செடி போய்விடும். இது ஒரு நாள் வேலை இல்லை, மழைக்காலம் முழுக்க வாரத்துக்கு இரண்டு மூன்று இரவு பொறுக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் நாற்றுப் பைகள், செம்மண், மணல் லோடு ஆகியவற்றையும் இறக்கும்போதே ஒரு பார்வை பாருங்கள். இந்த நத்தை நடந்து வருவதைவிட வண்டியில் வருவதே அதிகம்.

பொறுக்கிய பிறகு மண்ணையும் கிளறுங்கள். தொட்டியோரம், வாழைக் கிழங்கின் அடி, ஈரமான இடத்தில் இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் முட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றும் 5 மி.மீ. அளவு, வெளிர்மஞ்சள், ஓடு கெட்டி. ஒரே குவியலில் நூற்றுக்கு மேல் இருக்கும். பார்த்ததும் யாரோ ஊறவைத்த ஜவ்வரிசியைக் கைப்பிடி அள்ளிப் புதைத்தது போல இருக்கும். பல்லி முட்டையோ இதைவிடப் பெரியது, வெள்ளை வெளேரென்று ஒன்றிரண்டாகத்தான் கிடக்கும்; அதை இருந்த இடத்திலேயே மூடிவிடுங்கள். ஜவ்வரிசிக் குவியலை வாளிக்கு அனுப்புங்கள்.